மதில் நிறத்தில் ஒரு துணி

இத்தாலியில் மலை உச்சியில் ஒரு சின்ன ஊர். எங்களிடம் பனியன் வாங்கும் பையர் பிறந்த ஊர். அதன் மதில் கல்லின் நிறத்தில் பனியன் வேண்டும் என்று ஃபோட்டோ அனுப்பியிருந்தார். திருப்பூரிலிருந்து சாயமேற்றி அனுப்பிய ஐந்து மாதிரித் துணிகளையும் தள்ளிவிட்டார். ஆறாவதை நானே கொண்டுபோனேன். இதுவும் தேறாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

பையர் காரை அடிவாரத்திலேயே நிறுத்தினார். மூட்டை சுமந்த ஒரு கழுதை போகும் அகலத்துக்குத்தான் அந்தக் காலத்தில் தெரு விட்டிருக்கிறார்கள். ஊருக்கு ஒரே வாசல். கதவு போய்விட்டது, கீல் இருந்த குழிகள் இருக்கின்றன. வளைவுக்கு மேலே கல்லில் ஓர் இடுக்கு. எதிரி தலையில் கொதிக்கிற எண்ணெய் ஊற்றவா என்று கேட்டேன்.

"வெந்நீர்தான். எண்ணெய்க்கு எங்களிடம் ஏது வசதி?" என்றார்.

பயந்து பயந்து கட்டிய ஊர். பக்கத்து மலைக்காரன் படையோடு வருவான் என்று மதில், மதிலுக்கு மேல் கோபுரம். வந்தானாம், இரண்டு முறை. பிறகு கொள்ளைநோய் வந்தது. அதற்கு மதில் ஒரு பொருட்டாக இல்லை. கடைசியில் கீழே சமவெளியில் ஆலைகள் வந்தன. ஊர் தானாகவே வாசலைத் தாண்டி இறங்கிப் போனது. பாதி வீடுகளில் ஜன்னல் சாத்திக் கிடந்தது. நடுவில் கிணறு, மணிக்கூண்டு, ஊருக்கே பொதுவான துவைக்கும் தொட்டி. துவைத்துத் துவைத்து அதன் விளிம்பு வழுவழுவென்று இறங்கியிருந்தது. மற்றதையெல்லாம் பார்த்தேன், அதைத் தொட்டேன்.

மதிலுக்கு வந்தோம். துணியை எடுத்துக் கல்லின்மேல் விரித்துப் பிடித்தேன். துணியே காணாமல் போனது. அப்படியொரு பொருத்தம்.

"இதேதான்!" என்று அவர் ஓகே கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.

சற்றே நகர்ந்து திருப்பூரில் சாயம் போடும் எங்கள் டையிங் மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன்.

"ஓகே ஆயிருச்சுங்க மாஸ்டர்."

"எப்படிப் புடிச்சுப் பாத்தீங்க?"

"சுவத்து மேலதானுங்க."

"மடிச்சா, ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தானுங்க."

"ஏனுங்க, ஒத்தையாப் புடிச்சா பின்னால இருக்கற கல்லுதானுங்க தெரியும்? எருமை மேல விரிச்சிருந்தா எருமைக் கலருக்கு ஓகே வாங்கியிருப்பீங்க!"

நிறம் பார்க்கும் துணியை நாலாக மடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். மெல்லிய பின்னல் துணி, பின்னால் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோபுரத்தையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டு வந்ததில் அது மறந்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பேனா மூடி திறந்தாயிற்று.

"சார், ஒரு நிமிஷம்." நாலாக மடித்து மதிலின் ஓரமாக வைத்தேன். துணியில் சிவப்பு அடித்தது.

அவர் துணியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். குனிந்து, மதிலடியில் உதிர்ந்து கிடந்த சில்லு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஃபோட்டோ அனுப்பியது என் தப்பு. இதை வைத்துச் செய்யுங்கள். பத்து நாள்."

திருப்பூரில் மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை படைக்கு நின்ன கல்லோ, கடைசீல நம்ம சாயப்பட்டறையில வந்து மாட்டிக்கிச்சுங்க." நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் கல்லை வைத்தார். ஏழாவது துணியை நாலாக மடித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லின் பக்கத்தில் வைத்தார். மேலே அல்ல.

மஞ்சள் கொஞ்சம் கூடுதல். எட்டாவது தேறியது.

கல் இன்னும் மாஸ்டர் மேசையில்தான் இருக்கிறது, ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க.