சிந்தாத காப்பி

வண்டித் தட்டில் ஒரு கோப்பை, விளிம்புவரை காப்பி. யெட்ஸ்கே புது நடைபாதையில் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கல் பதித்த ஒப்பந்தக்காரர் மூச்சைப் பிடித்தபடி பின்னால். சாலையோரத் திருப்பத்தில் வண்டி கல்லில் இடற, காப்பி தளும்புகிறது.

"சிந்திடுச்சு. பேத்து எடு, ராசா."

"ஒரு சொட்டும்மா!"

"அந்த ஒரு சொட்டுலதான் கெழவிங்க இடுப்பு ஒடியுது."

வயதானவர்கள் பிடித்து நடக்கும் நான்கு சக்கர வண்டி அது. பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபின் குப்பைக்குப் போகவிருந்ததை யெட்ஸ்கே மடக்கிக்கொண்டார்.

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் இந்தச் சிற்றூரின் நடைபாதை, சைக்கிள் பாதையெல்லாம் நகராட்சிப் பொறியாளரான அவர் வரைந்தபடிதான். புல்வெளியில் சனம் மிதித்துப் போட்ட குறுக்குத் தடத்தைக் கண்டால் வேலி போடமாட்டார்; அதன்மேலேயே கல் பதிக்கச் சொல்வார். "அவங்களே வரைஞ்சு குடுத்துட்டாங்க. நமக்கு எதுக்கு சம்பளம்?" உள்ளூரில் யாரும் போடாத தலைக்கவசத்தோடு சைக்கிளில் போகிறவரை நிறுத்தி, "ஜெர்மனியா?" என்று அக்கறையாக விசாரிப்பார். கூட்டங்களில் காப்பிக்கு ஒரு பிஸ்கட் என்பது ஊர் வழக்கம். இவர் எல்லார் கண்ணெதிரிலும் இரண்டாவதை எடுப்பார். அலுவலகம் இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

அவர் காப்பியோடு போகாத பாதை ஒன்றே ஒன்று: புறவழிச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. அவரே வரைந்தது. பேண்டு வாத்தியத்தோடு திறந்தார்கள். சைக்கிளில் சர்ரென்று இறங்கி, அதே வேகத்தில் அந்தப் பக்கம் ஏறிவிடலாம். ஆனால் அந்தப் பக்க அடுக்ககங்களின் பெண்கள் பலருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. பிற்பகலிலேயே இருட்டிவிடும் குளிர்காலத்தில் அவர்கள் சுரங்கத்தில் இறங்குவதில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலே சாலையின் குறுக்கே ஓடுகிறார்கள். அங்கே ஒரு சிக்னல் வேண்டுமென்று கேட்க ஹோதான் என்ற சோமாலியப் பெண் கூட்டத்துக்கு வந்தாள்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் எவன் நிக்கிறான்னு தெரியல அக்கா. மேல லாரி வர்றதாவது கண்ணுக்குத் தெரியுது."

"அது நான் வரைஞ்சதாக்கும்!" என்று வெடித்தார் யெட்ஸ்கே. அன்று அவர் முதல் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

துணை மேயர் ரூலோஃபுக்குச் செலவில்லாமல் முடிந்தால் சரி. "உங்க காப்பியே சொல்லட்டும் அம்மணி. சிந்தலேன்னா சுரங்கம் போதும். சிக்னல் கெடையாது."

மறுநாள் இருட்டியதும் மூவரும் இறங்கினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் விளக்கில்லாத சைக்கிள் ஒன்று உரசிப் பறந்தது. ஹோதான் யெட்ஸ்கேயின் சட்டைக்கையைப் பற்றினாள். மேலே ஏறி வந்தபின்னும் விடவில்லை. காப்பி அசையாமல் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்ல! உங்க கைவேலன்னா சும்மாவா?" என்றார் ரூலோஃப்.

யெட்ஸ்கே காப்பியைப் பார்த்தார். தன் சட்டைக்கையை இறுக்கியிருந்த விரல்களைப் பார்த்தார்.

"சிந்திடுச்சு, ராசா" என்றபடி, கோப்பையை எடுத்து ரூலோஃபின் பளபளத்த காலணிகள்மேல் நிதானமாகக் கவிழ்த்தார்.