நீடில் ஆயில் போட்ட பிஸ்டல்

வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். ஒருமுறை பல் டாக்டரே, என்னை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க பிஸ்டல் வெச்சிருக்கறீங்களாமா? சின்ன சைசு, வெலையும் சல்லிசுன்னு சொல்றாங்க. ஆபத்துன்னு வந்தா நம்பலாங்களா?"

வாயில் பஞ்சு இருந்ததால் அன்று தப்பித்தேன். மற்ற நாட்களில் எதையாவது சொல்லி மழுப்புகிறேன். மழுப்பி மழுப்பி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

திருப்பூரில் எனக்குச் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் இருக்கிறது. நூல் வரும், துணியாகப் போகும், அவ்வளவுதான் தொழில். வீடு தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் வேலி அடைத்த மண் தடம். அதை நாங்கள் இட்டேரி என்போம். மழை பெய்தால் அதில் மாட்டு வண்டியே திணறும். ஒரே மகள், கட்டிக்கொடுத்துவிட்டோம். இப்போது நானும் மனைவியும்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு நாலு காடு தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் திருட வந்தவர்கள், அங்கே தனியாக இருந்த வயதான தம்பதியை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த அம்மாளின் காது அறுந்த கோலத்தை என் மனைவி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லாக் கதவையும் சாத்திவிடுவாள். நான் யூனிட்டிலிருந்து திரும்ப எட்டாகும். அந்த மூன்று மணி நேரம் அவள் டிவியைக்கூடப் போடமாட்டாள். சத்தம் கேட்காமல் போய்விடுமாம்.

"டவுனுக்குப் போயிரலாங்க. ரெண்டு ரூமு இருந்தாப் போதும் நமக்கு" என்றாள்.

நான் முடியாது என்றேன். கிணறு, தென்னை என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வீம்புதான். எவனோ நாலு பேருக்குப் பயந்து நான் வீட்டைக் காலி செய்வதா என்று இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரு மிஷின் வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"துப்பாக்கி லைசென்ஸ் போடறேன் அம்மிணி. பயப்படாத."

லைசென்ஸ் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், எனக்கு யாராவது மிரட்டல் விட்டிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, பயம்தான் இருக்கிறது என்றேன். "ஃபாரத்துல பயத்துக்கு எடமில்லீங்களே" என்றார் அவர். பாவம், எரிச்சலாகச் சொல்லவில்லை. இருவரும் யோசித்து ஏதோ எழுதினோம்.

கோயம்புத்தூரில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் இரண்டு பிஸ்டல்களைக் காட்டினார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு, எப்போதோ இங்கே வந்து கைமாறிக் கைமாறி நிலத்தின் விலைக்கு ஏறியிருந்தது. மற்றது உள்நாட்டுத் தயாரிப்பு, உள்ளங்கைக்கு அடக்கமாக, வாங்கக்கூடிய விலையில் இருந்தது. அதை எடுத்தேன். ரைபிள் கிளப்பில் அவர் முன்னிலையில் பத்து தோட்டா சுட்டுப் பார்த்தேன். ஒன்பது போனது. ஒன்று உள்ளே ஏறாமல் மாட்டிக்கொண்டது.

பத்தில் ஒன்று. எங்கள் தொழிலில் பத்து பீஸில் ஒரு பீஸ் ஓட்டை விழுந்தால் பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"புதுசுல அப்படித்தானுங்க. அம்பது அறுவது சுட்டாப் பழகிரும்" என்றார்.

சுடலாம்தான். ஆனால் லைசென்ஸில் வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கிறது. பழக்குவதற்கே அதைத் தீர்த்துவிட்டால் ஆபத்துக்கு என்ன இருக்கும்? அதனால் சுடவில்லை. துப்பாக்கியும் பழகவில்லை, நானும் பழகவில்லை. தோட்டா நிரப்பி வைத்ததோடு சரி.

இன்னொரு கூத்தும் இருந்தது. லைசென்ஸ் என் பெயரில். அதை மனைவி தொடக்கூடாது. என் பொறுப்பை விட்டு எங்கேயும் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று கடைக்காரர் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். எனவே காலையில் யூனிட்டுக்கு எடுத்துப் போவேன், எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவருவேன். அவளுடைய பயத்துக்காக வாங்கியது பகலெல்லாம் என் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது. ஐந்து மணியிலிருந்து எட்டு வரை அவள் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை அவள் சொல்லிக்காட்டியதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

அப்புறம் தேர்தல். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த இரண்டு மாதம் திருடர்களும் நன்னடத்தையோடு இருப்பார்கள் என்று நம்ப வேண்டியதுதான். திரும்பி வந்தபோது அதன் மேல் பொட்டுப் பொட்டாகத் துரு பிடித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருடமாக இரும்போடு புழங்குகிறவன் நான்.

நிட்டிங் மிஷினில் ஊசிகள் நிற்காமல் மேலும் கீழும் ஓடுகின்றன. அதற்கு நீடில் ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் நின்றால் ஊசி முறியும், துணி போகும். எந்தக் கோளாறுக்கும் நான் முதலில் பார்ப்பது எண்ணெய் போகிறதா என்பதைத்தான். அதே கையால் பிஸ்டலுக்கும் நீடில் ஆயில் விட்டேன். வாராவாரம் சனிக்கிழமை, மிஷின்களைத் துடைக்கும்போது இதையும் எடுத்து, இண்டு இடுக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டு, தோட்டாவைக்கூட விட்டுவைக்காமல் பளபளவென்று துடைத்து டிராயரில் வைப்பேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட திருப்தி இருக்கும். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது.

போன ஐப்பசியில் ஒரு நாள் மனைவி கணியூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். எனக்குத் தலைவலி. நாலரைக்கே யூனிட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. ஐந்தரை மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. போனைத் தேடினேன், காணவில்லை. யூனிட் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றுதான் முதல் தடவையாக அந்த வீட்டில், அந்த நேரத்தில், நான் தனியாக இருந்தேன். மனைவி தினமும் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கூரைத் தகரத்தில் மழை. அந்தச் சத்தத்துக்கடியில் எது வேண்டுமானாலும் நடந்து வரலாம்.

பின்பக்கக் கிரில் கதவின் தாழ்ப்பாள் ஆடியது. நாய் குரைக்கவில்லை. நாயை அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்துக்கொண்டு சமையலறை ஓரமாக நின்று பார்த்தேன். கிரிலுக்கு வெளியே ஒரு ஆள். தலையிலிருந்து முட்டி வரை ஏதோ போர்த்தியிருந்தான். முகம் தெரியவில்லை. கை மட்டும் கிரிலுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைத் துழாவியது.

தோட்டாவை ஏற்ற ஸ்லைடை இழுத்தேன். கொஞ்சம் இழுபட்டு மெதுவாக மூடியது. யாரது என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு சொல்தான். கேட்கவில்லை. அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து டிரிக்கரை அழுத்தினேன்.

டொக் என்றது. அவ்வளவுதான்.

வெளியே இருந்த ஆள் தலையில் போர்த்தியிருந்ததை விலக்கினார். துணி ரோலுக்குப் போடுகிற பெரிய பாலிதீன் கவர் அது. உள்ளே என் யூனிட் ஆபரேட்டரின் முகம். ஒடிசாக்காரர். ஏழு வருடமாக என்னிடம் வேலை செய்கிறார். ஊரில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். போன வருடம் மோட்டார் ரூமுக்குத் தகரம் போட இங்கே நாலு நாள் வந்து, நாய்க்குப் பிஸ்கட் போட்டுப் பழக்கிவைத்திருந்தார். நாய் குரைக்காததற்குக் காரணம் அதுதான்.

"சார், சார்னு நெறைய கூப்ட்டேன். மழை, கேக்கல. முன்னாடி கேட்டு பூட்டு" என்றார். "போன் மறந்துட்டீங்க. அம்மா நாலு தடவ பண்ணிட்டாங்க. பயந்துட்டாங்க."

வண்டி சேற்றில் போகாததால் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இட்டேரியில் நடந்தே வந்திருக்கிறார். போன் நனையாமல் இருக்க பனியன் பேக்கிங் கவருக்குள் போட்டு, கவரைச் சட்டைக்குள் வைத்திருந்தார். சரியாக நான் குறி பார்த்த இடத்தில்.

பிஸ்டலைத் துண்டுக்கடியில் மறைத்து, சமையல் மேடையின் கோடிக்குத் தள்ளினேன். கதவைத் திறந்தேன். டீ போடுகிறேன் என்று சொல்லி அடுப்பருகே போனேன். லைட்டரை அழுத்த முடியவில்லை. இரண்டு தடவை கீழே போட்டேன். அவர் பார்த்துவிட்டு, "காய்ச்சலா சார்? நீங்க உக்காருங்க" என்று என்னிடமிருந்து லைட்டரை வாங்கினார். அவரே பால் காய்ச்சினார், அவரே டீ போட்டார். அந்தத் துண்டிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பிஸ்டலைப் பிரித்தார். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பிசின் வந்தது.

"இதென்னங்க, பஞ்சு மில்லையே உள்ள வெச்சிருக்கறீங்க?"

யூனிட்டில் காற்றிலேயே பஞ்சு இருக்கும். டிராயர், மூக்கு, சோற்றுத் தூக்குப் போசி எதையும் விடாது. எண்ணெய் கண்ட இடத்தில் அப்பிக்கொள்ளும். வாராவாரம் நான் எண்ணெய் விட, அது பஞ்சைப் பிடித்து, சுடும் ஊசி ஓடுகிற வழியை அடைத்துவிட்டது. தோட்டாவின் அடியிலும் எண்ணெய் இறங்கி மருந்து நமத்துப்போயிருந்தது. மிஷினில் பஞ்சை ஊதித் தள்ள ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். துப்பாக்கிக்கு யார் ஃபேன் போட்டார்கள்?

கடைக்காரர் ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் சின்னதாக ஒரு பள்ளம்.

"லேசாத் தட்டுன தடம் இருக்குதுங்களே. எப்பங்க சுட்டீங்க?"

"சும்மா பாத்தனுங்க" என்றேன்.

அவர் அந்தத் தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு பிஸ்டலைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பாகமாகப் பூட்டி, ஸ்லைடை இழுத்துக் காட்டினார். வெண்ணெயாக ஓடியது. "இனி எண்ணெய கண்ணுலயே காட்டாதீங்க. புதுத் தோட்டா போட்டுக்குங்க. இப்ப நம்பிக் கொண்டு போலாம்" என்றார்.

'நம்பி' என்ற சொல்லைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இதே வேலையை அவர் ஒரு வாரம் முன்னால் செய்து கொடுத்திருந்தால்? சேதி எப்படி ஒடிசா போயிருக்கும், யார் போன் செய்து சொல்லியிருப்பார்கள், எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள்? பிஸ்டலை அங்கேயே, அவர் பாதுகாப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விற்றுத் தரச் சொன்னேன். இன்னும் விற்கவில்லை. மலிவான சாமானுக்கும் ஆள் கிடைப்பது சுலபமில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள்.

"இத்தன நாளும் திருடனுக்குத்தானுங்க பயந்துட்டிருந்தேன்" என்றாள். "இனி உங்களுக்கும் பயப்படோணுமா?"

மறுநாள் டவுனில் வீடு பார்க்க ஒரு புரோக்கரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் அமையவில்லை. கிணறும் தென்னையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருக்கிறேன். சாயங்கால ஷிப்டை அந்த ஒடிசாக்காரரே பார்த்துக்கொள்கிறார். அவரிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் தைரியம் இல்லை.

கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். சுத்தமாக வைத்து, நிறையச் சுட்டுப் பழக்கினால் அந்தப் பிஸ்டலை நம்பலாம். என்னைத்தான் நம்ப முடியாது. பயந்த நேரத்தில் நான் யாரது என்றுகூடக் கேட்கமாட்டேன் என்பது எனக்கு இப்போது தெரியும். உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் பட்ட பாட்டை நீங்கள் படவும் வேண்டாம்.

போன வாரம் யூனிட்டில், மிஷினுக்கு நீடில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் என்னைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"சார், அன்னிக்கு ரொம்ப ஒடம்பு முடியல உங்களுக்கு. வீட்டுல தனியா இருக்காதீங்க" என்றார். "ஏதாவதுன்னா எனக்குப் போன் போடுங்க. எந்த டைமும் வரேன். பின்னாடி வழி தெரியும், நாயும் ஒண்ணும் பண்ணாது."

"வா. ஆனா முன் வாசல் வழியாவே வா" என்றேன். "கேட்டுக்கு இனிமே பூட்டுப் போடறதில்ல."