நான்காவது ஆளாகப் போன கல்

பேய், பிசாசு, சகுனம், ராகு காலம் எதையும் நான் நம்பினவன் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துபாயில் பதினொரு வருடமாகக் கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசர் வேலை. தீ விபத்து ஒத்திகை என்றால், சைரன் அடித்ததும் முந்நூறு பேரை வெளியே நிறுத்தித் தலை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான். எண்ணிக்கையில் நான் தப்பியதே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. நம்பினால் நம்புங்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் அக்டோபரில் ஜார்ஜியா நாட்டு மலையில் ஐந்து நாள் நடக்கலாம் என்று திட்டம் போட்டோம். ஒரு குடிலில் தூங்கி, காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த மலையில் இருக்கிற குடிலில் போய்த் தூங்குவது. நான், என் பக்கத்து ஃபிளாட் பாஸ்கர், அவன் ஆபீசில் வேலை பார்க்கிற தினேஷ், ஆக மூன்று பேர். பர் துபாயில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எந்தக் குடிலில் எத்தனை கட்டில், யார் பையில் மருந்து, யார் பையில் புளிக்காய்ச்சல் என்று எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினோம். டீ கொண்டுவந்த என் மனைவி சுதா எட்டிப் பார்த்தாள்.

"மூணு பேராவா போறீங்க? மூணு பேரா எங்கயும் கிளம்பக் கூடாதுங்க. வேற ஆள் இல்லன்னா ஒரு கல்லயாவது பையில போட்டுக்கோங்க, நாலாவது ஆளா."

ஊரில் இது பழைய வழக்கம்தான். பாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ் சேஃப்டி, கல்லுக்கு யாருய்யா விசா எடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, நான்காவது வரிசையில் 'கல்' என்று தட்டினான். ரத்த வகைக் கட்டத்தில் ஒரு கோடு வேறு போட்டான்.

அதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராஸ் அல் கைமா மலைக்குக் கிளம்பினோம். அங்கே மலைக்காரர்கள் விட்டுப்போன கல்வீடுகள் இருக்கின்றன. அதில் இரண்டைக் குடில் என்று வைத்துக்கொண்டு, முழுப் பாரத்தோடு போய்த் திரும்புவது திட்டம். வெயில் இன்னும் தணியவில்லை, இரண்டு வாரம் பொறுத்திருக்கலாம், அது என் தப்புத்தான். தினேஷின் மனைவி போனில், "அண்ணே, நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன், பாத்துக்கோங்க" என்றாள். சுதாவின் வாயை அடைக்க, பில்டிங் பார்க்கிங்கில் கிடந்த எலுமிச்சை அளவு கல் ஒன்றை அவள் கண்ணெதிரிலேயே பையில் போட்டுக்கொண்டேன்.

எட்டரைக்கு முதல் கல்வீடு. பை தோளை அறுத்தது. எலுமிச்சை அளவு கல்லில் என்ன பெரிய பாரம், ஆனாலும் எரிச்சல். அதை எடுத்துச் சுவர்மேல் வைத்து, "கலாஸ், போதும், நீ இங்கயே இரு" என்றேன். தினேஷ் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "நீங்க நடங்கண்ணே, பின்னாலயே வர்றேன்" என்றான். நடந்தோம். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

இரண்டாவது கல்வீட்டுக்கு முக்கால் மணி நேர நடை. நிழலில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் தலை எண்ணினேன். என்னோடு சேர்த்து மூன்று. நோட்டில் நேரத்தையும் மூன்று என்பதையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பாஸ்கர் பேரீச்சம்பழ டப்பாவைச் சுற்றி நீட்டினான். யாரும் பேசவில்லை, பேசுகிற வெயிலா அது. அரைமணி நேரம் அப்படியே கிடந்துவிட்டு, "யல்லா, எந்திரிங்கப்பா" என்று கிளப்பினேன்.

முதல் கல்வீட்டுக்குத் திரும்பும்போது, பாதி வழியில் பின்னால் பார்த்தால் பாஸ்கர் மட்டும் வருகிறான்.

"தினேஷ் எங்கய்யா?"

"ஒனக்கு முன்னாடி போறான்னுல்ல நெனச்சேன்?"

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒற்றையடிப் பாதை, விலகிப் போக வழியே கிடையாது. கத்திக்கொண்டே ஓடினோம்.

முதல் கல்வீட்டில், குனிந்து உட்கார்ந்திருந்த அதே இடத்தில் தினேஷ் சாய்ந்து கிடந்தான். ஒரு ஷூவின் கயிறு இன்னும் கட்டப்படவில்லை. உடம்பு கொதித்தது, வேர்வையே இல்லை. இருந்த தண்ணீரை எல்லாம் அவன்மேல் ஊற்றினோம். நல்லவேளை சிக்னல் கிடைத்தது, ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. அது வருகிறவரைக்கும் காத்திருந்தபோது சுவரைப் பார்த்தேன். கல்லைக் காணோம். விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நாங்கள் பேரீச்சம்பழம் தின்ற அரைமணி நேரம் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லண்ணே. கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு, கூப்பிடக் கொரல் வரல. நீங்க மூணு பேரும் போறதப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்" என்றான். பிறகு, "கடைசியா போனது யாருண்ணே?" என்று கேட்டான்.

வெயில் மயக்கத்தில் ஒன்று இரண்டாகத் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கும் பாஸ்கருக்கும் மயக்கம் இல்லையே. தினேஷுக்குப் பழம் கொடுத்தேன் என்றுதான் பாஸ்கர் இன்றுவரை சாதிக்கிறான். ஜார்ஜியாவை ரத்து செய்துவிட்டோம். சுதா மட்டும், "அந்தக் கல்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "கூட்டிட்டுப் போனத பாதியில விட்டுட்டா வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் சைட்டில் நான் தலை எண்ணுவதில்லை, ஒவ்வொருவனையும் வாய்விட்டுப் பெயர் சொல்ல வைக்கிறேன். முந்நூறு பேர் சொல்லி முடிக்க நேரமாகிறது, ஃபோர்மேன் முணுமுணுக்கிறான். "சார், ஒவ்வொருத்தன் தோளையும் தட்டி எண்ணுங்களேன், ஜல்தி முடியும்" என்கிறான். நான் அடுத்தவனிடம் பெயரைக் கேட்கிறேன். அன்றைக்கு "யல்லா" என்று கிளப்பியபோது, பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தவனைத் தோளில் தட்டித்தான் எழுப்பினேன். அந்த வெயிலில் முக்கால் மணி நேரம் நடந்து வந்த ஆளின் தோள், சில்லென்று இருந்தது.