கைபேசியில் கேட்ட எஞ்சின்

அன்று நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கைபேசியில் கேட்டேன். வருடங்கள் ஆகியும், மனைவி பயணத்தில் இருக்கும்போது கைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

எனக்கு ருவைஸில் பிளான்ட் வேலை. குடும்பம் அபுதாபியில், பாலைவனச் சாலையில் இரண்டரை மணி நேரத் தூரம். விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தவர்கள் ஆகஸ்ட் மாத மதியம் ஒன்றில் திரும்பிப் போனார்கள். மனைவி ஓட்டினாள். பின்னால் பதினொரு வயது மகளும், இன்னும் நடக்கத் தொடங்காத மகனும்.

நடுவழியில் பையன் விடாமல் அழ, அவள் ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்தி, அவனை மடியில் வாங்கியிருக்கிறாள். அவன் அவள் காலடியிலேயே வாந்தியெடுத்தான். விரிப்பை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, திரும்பப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஏசி இல்ல. பையன் முகமெல்லாம் செவந்து போச்சு."

"டிக் டிக்னு ஏதாவது சத்தம் வருதா?"

"ஒண்ணும் வரல."

அந்த வெயிலில் பேட்டரிகள் சொல்லாமல் சாகும். ஹாரனை அடிக்கச் சொன்னேன். காதைப் பிளந்தது. ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிகிறது என்றாள். அப்படியானால் பேட்டரி இல்லை. வேறென்ன? நான் வண்டி பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தக் கார் அடுப்பாகிவிடும். யோசிக்கவே முடியவில்லை.

அப்போது இன்னொரு வண்டி வந்து நிற்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். ஒரு பெண்ணின் குரல், அரபியில். பிறகு மகள் பேசினாள்.

"அப்பா, ஒரு ஆன்ட்டி தம்பிய அவங்க கார்ல வெச்சிருக்காங்க. அங்க ஏசி இருக்கு. டோன்ட் வொரி."

என் மகன் யார் மடியில் இருக்கிறான் என்று தெரியாது. ஆனாலும் அந்த நிமிடம்தான் எனக்கு மூச்சு வந்தது, மூளையும் வேலை செய்தது. கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான் எங்கள் வண்டி கிளம்பும். மிதியோடு ஒரு சிறு சுவிட்ச் உண்டு; அது அமுங்காவிட்டால் சாவிக்கு வண்டி அசையாது.

"அம்மா கிளட்ச்ச மிதிக்கிறப்ப குனிஞ்சு பாரு. அடிவரைக்கும் போகுதா?"

"ஃபுல்லா மிதிக்கிறாங்க. வெயிட்... மேட் மடிஞ்சு கிடக்குப்பா. பெடல் அதுல இடிக்குது."

அது காரோடு வந்த விரிப்பு அல்ல. வண்டியை விற்கும்போது உள்ளே புத்தம்புதிதாக இருக்கவேண்டும் என்று, ஹாலுக்கு வாங்கியதில் மிஞ்சிய கார்பெட்டை வெட்டி அதன்மேல் போட்டிருந்தோம். அங்கே எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பக்கத்து ஃபிளாட்காரர் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கடைசிவரை கிழிக்கவில்லை.

"அத உருவி வெளிய போடு."

எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. பிளான்ட் பைப்புகளின் நிழலில், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி கைபேசியை வாங்கினாள். "கார்பெட் ஐடியா என்னோடதுதான். திட்டறதுன்னா வீட்டுக்குப் போனப்புறம் திட்டுங்க."

"மொதல்ல பையன வாங்கிக்கோ."

"எங்க குடுக்கறாங்க? அவங்க வீட்டுக்காரர் வந்து நம்ம ஏசி முன்னாடி கைய வெச்சுப் பாத்துட்டு, ஷ்வய்ய ஷ்வய்யங்கறார். வண்டி குளிரட்டுமாம்."

கொஞ்சம் பொறு என்கிறார். நாங்கள் கேட்காமலே, எங்கள் வண்டி எங்கள் பிள்ளைக்குத் தகுந்தபடி ஆகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அதன் பிறகும் ஊர் எல்லை வரும்வரை பின்னாலேயே வந்தார்களாம்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு, இறக்கவே மனம் வராமல் கேட்டேன்: "நன்றியாவது சொன்னியா? பேர் கேட்டியா?"

"எங்கங்க சொல்றது? பையன் அவங்க தோள்லயே தூங்கிட்டான். நான் வாயத் தொறந்ததும், எழுந்துடுவான்னு அந்தம்மா உதட்டுல விரல வெச்சுக் காட்டினாங்க."