மூணுதரத்தாரின் மூன்றாவது மைக்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. யாருக்கு அது ஞாபகம்? பழைய சாமான் ஏலக்கூடத்தின் மேடையில் நின்று, வாழ்நாளெல்லாம் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று கூவிச் சுத்தியலைத் தட்டுகிற மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மூணுதரம் என்றது. தலை நரைத்ததும் போனால் போகிறதென்று மரியாதை சேர்த்து மூணுதரத்தார் ஆக்கியது. தொழில் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. "காபி வேணுமா?" என்று ஒருமுறை கேட்டால் பதில் வராது. மூன்றாம் முறை கேட்டால்தான் "சரி" என்பார். "என்னைக் கட்டிக்கச் சம்மதம் கேக்கவே எங்கப்பா மூணு தடவை நடந்தாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கூடத்தில் ஒரு விசித்திரமான வழக்கம். ஏலம் கேட்கிறவர் யாரும் கை தூக்க மாட்டார், வாயைத் திறக்கவும் மாட்டார். மூணுதரத்தார் விலையைக் கூவுவார், வேண்டியவர் ஒரு சத்தம் கொடுப்பார், அவ்வளவுதான். மேசை நாற்காலி வியாபாரி ஒருவர் சாவிக்கொத்தைக் குலுக்குவார். அவர் பெயரே சாவிக்கொத்து. கடிகாரக் கடைக்காரர் தொண்டையைச் செருமுவார். லாட்ஜ் நடத்தும் அம்மாள் வளையலை ஆட்டுவாள். தனக்கு எதன்மேல் ஆசை என்று பக்கத்து ஆளுக்குத் தெரிந்தால் வீம்புக்கு விலையை ஏற்றிவிடுவானே என்ற பயம்தான் காரணம். அதனால் ஆளாளுக்குத் தூணுக்குப் பின்னாலும் பீரோவுக்குப் பின்னாலும் தூங்குமூஞ்சியாக உட்கார்ந்திருப்பார்கள். எந்த மூலையிலிருந்து சத்தம் வந்தது என்று காதால் மட்டுமே பிடிக்க வேண்டும். கண்ணால் தேடினால் ரகசியம் போச்சு. மூணுதரத்தார் காதால் பிடித்தார். அதில்தான் அவர் பிழைப்பு, அதில்தான் அவர் கர்வம்.

யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா? ஒரு நாள் சலூன் நாற்காலி ஒன்று ஏலத்துக்கு வந்தது. கைப்பிடியை அமுக்கினால் ஏறும், இறங்கும், பின்னால் சாயும். தூணுக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்து தன் கொத்தைக் குலுக்கினார். மூணுதரத்தாருக்கு ஏதோ இரும்புச் சத்தம் லேசாக எட்டியது, திசை எட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, பெஞ்சு வாங்க வந்தவர், மடியில் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் அந்தச் சாவியில் போய் விழுந்தது, சுத்தியல் மேசையில் விழுந்தது.

"மூணு தரம்! நாற்காலி அம்மாவுக்கு!"

"நான் என்னய்யா பள்ளிக்கூடத்துல முடி வெட்டவா போறேன்?" என்று அந்த அம்மையார் எழுந்து நின்று கேட்ட கேள்வியில் கூடமே பதில் தெரியாத மாணவர்களைப் போல் தலைகுனிந்தது. சாவிக்கொத்து, "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று கிளம்பிப் போனார். நாற்காலி மூலைக்குப் போயிற்று.

ஏலக்கூடத்தின் முதலாளியம்மா கறாரான ஆள். சுத்தியல் விழுந்தால் கடவுளே வந்தாலும் மாற்றமில்லை என்று சட்டம் போட்டவளே அவள்தான். அந்தச் சட்டத்தை முதன்முறையாக மீற வேண்டி வந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு.

"இதுதான் கடைசி விலக்கு. இனிமே சுத்தியல் விழுந்தா விழுந்ததுதான், நானே ஆனாலும் சரி. நீங்க போய்க் காதைப் பாருங்க. இல்லேன்னா ஆளுக்கு ஒரு நம்பர் அட்டையைக் கையில குடுத்துடறேன். எங்கக்கா மகன் அட்டை அடிச்சே வச்சிருக்கான்."

நம்பர் அட்டை வந்தால் அவரே எதற்கு? எண் படிக்கத் தெரிந்த எவனும் அந்த மேடையில் நிற்கலாம்.

மறுநாள் மனைவி அவரைக் காது பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதை மூடும் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். "ஐயா, 'பீப்'னு சத்தம் கேட்டதும் அமுக்குங்க" என்றாள். வெளியே வந்த முடிவைப் பார்த்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த அளவு கேட்காதவர் அவளோடு எப்படி நின்று பேசுகிறார்?

மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. "என்னங்க, எத்தனாவது சத்தத்துல அமுக்கினீங்க?"

"மூணாவதுலதான். ஒரு தரத்துக்கே அமுக்கிடறதா? நான் என்ன கத்துக்குட்டியா?"

அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். பரிசோதனை முதலிலிருந்து மறுபடி நடந்தது. இம்முறை மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று விரலை ஆட்டி மிரட்டிக்கொண்டே இருந்தாள். கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, ஆனால் காது மிஷின் வைத்தால் சமாளித்துவிடலாம் என்று தெரிந்தது.

மேசைமேல் மூன்று வகை மிஷின் வந்து உட்கார்ந்தது. காதுக்குள் ஒளிந்துகொள்ளும் பட்டாணி அளவு ஒன்று. அதைத்தான் மூணுதரத்தார் முதலில் தடவிப் பார்த்தார், வெளியே தெரியாதே! "உங்க காதுக்கு இதோட சத்தம் பத்தாதுங்க ஐயா" என்று அந்தப் பெண் எடுத்து வைத்துவிட்டாள். இரண்டாவது, காதுக்குப் பின்னால் மாட்டுவது, அதில் இரண்டு மைக். மூன்றாவதும் அதே மாதிரிதான். ஆனால் காதுக்குள் போகிற முனையில் கூடுதலாக ஒரு குட்டி மைக்.

"காதுக்குள்ள எதுக்கும்மா மைக்கு? உள்ள யாரு பேசறா?" என்றார் மூணுதரத்தார்.

அவள் விளக்க வாயெடுத்தாள். அவர் அதற்குள் இரண்டாவதை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். சொல்பேச்சு கேட்காதவருக்குக் காது கேட்டு என்ன, கேட்காவிட்டால் என்ன! "சரி, கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க. ஒத்துவரலேன்னா மாத்தித் தரேன்" என்று அனுப்பிவைத்தாள் அவள்.

அடுத்த ஏலத்துக்கு மாப்பிள்ளை மாதிரி போனார். கேட்டது. எல்லாமே கேட்டது. மின்விசிறி, செருப்பு, யாரோ சொறிந்துகொள்வது வரைக்கும் கேட்டது. ஆனால் அத்தனையும் அவர் தலைக்கு நடுவில் கூட்டம் போட்டுக்கொண்டு கேட்டது. இடமா வலமா, முன்னாலா பின்னாலா, ஒன்றும் புரியவில்லை. மரத்தொட்டில் ஏலத்துக்கு வந்தபோது வலது மூலையில் புதிதாக அப்பாவான ஒரு இளைஞன் இருமினான். மூணுதரத்தார் இடது பக்கம் சுத்தியலை நீட்டி, வழக்கமாகச் செருமுகிற கடிகாரக் கடைக்காரர் தலையில் தொட்டிலைக் கட்டினார். அவர் எழுபது வயதுப் பிரம்மச்சாரி. கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிவந்துபோன முகத்தோடு அப்போதே தொட்டிலை இளைஞனுக்கு விற்றுவிட்டு, மூணுதரத்தாரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும்.

"அடுத்த ஏலம் ஒண்ணுதான் உங்களுக்கு. அதுலயும் கோட்டை விட்டீங்கன்னா அட்டைதான்" என்றாள் முதலாளியம்மா.

வீட்டுக்கு வந்தவர் மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். "அந்த மேடையை விட்டு இறங்கிட்டா நான் யாருடி?"

"என் புருஷன்."

"அதுக்குச் சம்பளம் இல்லையே."

"நான் மட்டும் சம்பளம் வாங்கிட்டா இத்தனை வருஷமா உங்க பொண்டாட்டியா இருக்கேன்?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு தரம்தான் சொன்னார். அதிலேயே அவள் ஆடிப்போனாள்.

உண்மையில் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. இத்தனை நாள் அவர் காதில் விழாது என்ற தைரியத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தே பாதிச் சண்டையை முடித்துவந்தவள் அவள். நல்ல மிஷின் வந்தால் அந்தச் சுகம் போய்விடும். போனால் போகட்டும் என்று முடிவெடுத்தாள். மிஷினை மாட்டச் சொல்லி, அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒவ்வொரு மூலையாகக் கரண்டியைப் போட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்டது என்றார். ஒவ்வொரு முறையும் தப்பான மூலையைக் காட்டினார்.

"காது கேக்குதும்மா, திசைதான் தெரியல. எந்த அறைலேருந்து கூப்பிட்டாலும் அடுத்த அறைக்குப் போய் நிக்கறாரு" என்று மறுநாள் பரிசோதனைக்காரப் பெண்ணிடம் சொன்னாள்.

"அன்னைக்கே இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று அவள் தன் காது மடலைப் பிடித்துக் காட்டினாள். "இந்த மடிப்பெல்லாம் அழகுக்கு இல்லீங்க ஐயா. முன்னாலேருந்து வர்ற சத்தத்தை ஒரு மாதிரி, பின்னாலேருந்து வர்றதை வேற மாதிரி மாத்தித்தான் உள்ள அனுப்பும். அதை வச்சுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது. மைக் காதுக்குப் பின்னால மேல உக்காந்துட்டா மடலுக்கு வேலையே இல்ல. உள்ள ஒரு மைக் இருந்தா, உங்க மடல் வழியா வந்த சத்தத்தை அது பிடிக்கும். கையைப் பக்கத்துல கொண்டுபோனா சிலசமயம் 'கீ'ன்னு கத்தும். பழகவும் நாளாகும்."

"மூணாவது மைக்கா?" என்றார் மூணுதரத்தார். "இதை முதல்லயே மூணுன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே!"

புது மிஷினோடு அவரைப் பழக்குகிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து சாவியை ஆட்டுவாள், கட்டிலுக்கு அடியிலிருந்து செருமுவாள். அவர் வீட்டுக் கூடத்து நடுவில் நின்று, "அலமாரிப் பக்கம் ஒரு தரம்! ஜன்னல் பக்கம் ரெண்டு தரம்!" என்று கூவுவார். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி தப்பு. போகப்போகத் தப்பு குறைந்தது. இந்த வயதில் கண்ணாமூச்சி கேட்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

ஏல நாள் வந்தது. வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடியிருந்தது. தலைவச்சுப் படுக்க மாட்டேன் என்ற சாவிக்கொத்தும் வந்து முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்கா மகன் அட்டைக்கட்டோடு வாசலில் தயாராக நின்றான். மனைவியும் கடைசி வரிசையில் இருந்தாள். மூணுதரத்தார் மேடை ஏறிச் சுத்தியலைக் கையில் எடுத்தார். முதல் செருமல் வந்ததும் இடது மூலை என்று காது தானாகச் சொன்னது. வளையல் வலப்பக்கம், பீரோவுக்குப் பின்னால். ஒன்றுகூடத் தவறவில்லை. வெளுத்துக்கட்டினார்.

கடைசியாக அந்தச் சலூன் நாற்காலி. மூலையில் கிடந்ததில் அதன் கைப்பிடி வேறு கழன்றிருந்தது. விலையைக் கூவினார், குறைத்துக் கூவினார். சாவிக்கொத்துக்குக்கூட இப்போது அது வேண்டாம் போலிருந்தது. ஈ எறும்பு சத்தமில்லை.

அப்போது ஒரு சாவிக்கொத்து குலுங்கியது.

கூட்டம் முழுக்க முன்வரிசைச் சாவிக்கொத்தைப் பார்த்தது. மூணுதரத்தார் பார்க்கவில்லை. சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. ஏலம் கேட்கிறவர் எவருமே நிற்காத இடத்திலிருந்து, மேடைக்குப் பின்னால் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கூடத்தின் அத்தனை பூட்டுக்கும் சாவி வைத்திருக்கிற கை ஒன்றுதானே! சோதனை என்று புரிந்துபோயிற்று. அவர் திரும்பவே இல்லை.

"நாற்காலிக்குத் திரைக்குப் பின்னாலேருந்து ஏலம் வந்திருக்கு. ஒரு தரம்!"

திரை லேசாக ஆடியது.

"ரெண்டு தரம்!"

"யோவ், சும்மா பாக்கத்தான்யா…" என்றது திரை.

"மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. "நாற்காலி முதலாளியம்மாவுக்கு!"

கூடம் அதிர்ந்தது. சாவிக்கொத்துதான் முதலில் கைதட்டினார். முதலாளியம்மா திரையை விலக்கிக்கொண்டு சிவந்த முகத்தோடு வந்தாள், வாயைத் திறந்தாள். நானே ஆனாலும் சரி என்று சொன்னது நினைவுக்கு வந்ததுபோல, மூடிக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மகன் கையிலிருந்த அட்டையில் ஒன்றைப் பிடுங்கி விசிறிக்கொண்டே, "மேடையை விட்டு இறங்கிடாதீங்கய்யா, இந்தக் காது இல்லேன்னா என் கடையே போயிடும்" என்றாள்.

இப்போது ஏலத்தன்றெல்லாம் அவள் அந்த நாற்காலியில்தான் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இருமல் வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

அன்று வீடு திரும்பியதும் மனைவி சமையலறையில் நின்று, பழக்கதோஷத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தாள்.

"அலமாரி ரெண்டாவது தட்டுக்குப் பக்கத்துலேருந்து சொல்றே. கேட்டுச்சு" என்றார் அவர்.

"என்ன சொன்னேன்?"

"நல்லாத்தான் ஏலம் விட்டேன்னு சொன்னே."

"அப்படியா? கேட்டுடுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா ஒரு தரம்தான் கேட்டுச்சு" என்று மூணுதரத்தார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, இன்னும் இரண்டு தரம் சொன்னாள்.