சவுக்குத் தோப்பில் வந்த நாற்றம்

அது 1991 ஐப்பசி. மழை விட்ட மூன்றாம் நாள் காலை, சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து பிண நாற்றம் வந்தது. அந்த வருஷம் மே மாதம் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எல்லோருக்கும் போலீஸ் பயம். யாரும் தோப்புக்குள் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தோப்போரம் நின்றிருந்தாள். சண்டை போட்டுக்கொண்டு போன அவள் புருஷன் நாலு நாளாக வீடு திரும்பவில்லை.

"எங்கனா போய் சாவுன்னு சொல்ட்டேன்டி. தனியா உள்ள போக காலு வர்ல. நீயும் வா."

அப்போது நான் காஞ்சிபுரம் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளோடு நடந்தேன். ஓரிடத்தில் நாற்றம் இன்னும் கடுமையானது. ஈக்கள் இரைந்தன. சருகுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, விரலு!" அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

எனக்கும் விரலாகத்தான் தெரிந்தது. குச்சியால் தொட்டேன். பஞ்சு மாதிரி அமுங்கியது. நுனியில் கரும்பச்சைக் கூழ். அதில்தான் ஈ மொய்த்தது. அடியில் கிழிந்த பை போல ஓர் உறை. பக்கத்தில் கோழிமுட்டை போல ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதைப் பிளந்தேன். உள்ளே வழவழவென்று நுங்கு மாதிரி, நடுவில் ஒடுங்கிய வெள்ளைத் தண்டு. பாடப்புத்தகப் படத்தில் பார்த்ததேதான்.

"காளான்க்கா. ஈ வந்து அதோட விதைய பரப்பணும்னுதான் இப்படி நாறுது."

"அவ்ளோ நாத்தமும் இதுலேர்ந்தா?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். காளான் இருக்கும் இடத்தில் பிணம் இருக்காது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையே.

கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி, ஒரு பழைய சாக்கில் போட்டு ரோட்டோரம் கொண்டுபோனேன். நாற்றமும் கூடவே வந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் போனால், தோப்பில் ஈர மண் வாசனைதான் மிச்சம். அப்போதும் அக்கா நம்பவில்லை. தோப்பு முடியும் ஏரிக்கரை வரைக்கும் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் புருஷன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வல்லக்கோட்டையில் தங்கச்சி வீட்டில் இருந்தாராம்.

அக்கா நேராக என்னிடம் வந்தாள். "தோப்பாண்ட நா தேடினத அந்தாள்ட்ட சொல்லிடாதடி" என்றாள்.

நான் சொல்லவில்லை.