நீச்சல் தெரியுமா என்ற கட்டம்

மரக்காணத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நான் மீனவன் இல்லை, உப்பளத்துக்காரன். எங்கள் பாத்தியில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. கடலிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் சித்தப்பா, பெருமுக்கல் பக்கத்து விவசாயி, "கடலோரமா இருக்கீங்க, நல்லா நீந்துவீங்களா?" என்று கேட்டார். "மீன் மாதிரி" என்று சொல்லிவிட்டேன். அந்த முழுப் பூசணிக்காயை இருபத்திரண்டு வருடம் சோற்றில் மறைத்துவந்தேன்.

கழிமுகத்தில் கயாக் விடக் கற்றுத்தருகிறார்கள், போகலாம் என்று என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். கடல் ஓதம் வடியும்போது உப்பங்கழித் தண்ணீர் பாலத்துக்கு அடியில் கடலைப் பார்த்து ஓடும். நடுவில் கொஞ்ச தூரம் கற்களில் பட்டு நுரைத்துப் பாயும். புதிதாக வருகிறவர்களுக்கு அது போதும் என்றார்கள்.

போனதும் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் 'நீச்சல் தெரியுமா?' என்று ஒரு கட்டம். அவள் பக்கத்தில் நின்று லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என் பெயருக்கு நேரே 'தெரியும்' என்று எழுதினேன். அவள் பெயருக்கு நேரே, கேட்காமலே, 'தெரியாது' என்று எழுதினேன். கற்றுத்தருகிற பெண் அதைப் படித்துவிட்டு, "சார் பின்னாடி உக்காருங்க. மேடத்த நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள்.

"அவர் இருக்காரு, எனக்கென்ன" என்றாள் மனைவி. நான் துடுப்பை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன்.

முதல் இரண்டு அலைகள் எங்களைத் தூக்கி மெதுவாக இறக்கின. அவள் சிரித்தாள். மூன்றாவதில் துடுப்பைத் தப்பான பக்கம் போட்டேன். கயாக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனபோது ஒரே நினைப்புதான்: என் பொய்யை நம்பி ஏறியவளைக் கொன்றுவிட்டேன்.

யாரோ என் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்தார்கள். "காலை ஒதைக்காதீங்க. மல்லாந்து படுங்க." அவள் குரல். ஒரு கையால் என்னை இழுத்துக்கொண்டு, மறு கையால் நீந்தி மணல்திட்டில் சேர்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"எங்க கத்துகிட்ட?"

"எங்க பம்புசெட்டு கெணத்துல. ஆறு வயசுல அண்ணன் என் முதுகுல காலி கேனைக் கட்டித் தள்ளிவுட்டான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

"அதான் பாத்தேனே" என்று தலைமுடியைப் பிழிந்தாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இன்னொரு சுற்று பாக்கி இருந்தது. அவள் நேராகப் போய் ஃபாரத்தை வாங்கினாள். இரண்டு பெயருக்கு நேரேயும் நான் எழுதியதை அடித்து மாற்றி எழுதினாள். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏறுங்க" என்றாள்.

முன்னால் ஏறிக்கொண்டேன். நுரை நெருங்கியபோது, பயமாக இருக்கிறது என்று கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.